போட்டி ஊதியம் சமம்; போட்டிகள்?

ஒப்பந்தத்தில் உள்ள வீராங்கனைகளுக்கும் ஆண்களுக்குத் தரும் அதே போட்டி ஊதியம் உண்டு என்று 2022 அக்டோபர் 27 அன்று இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். அதுவரை ஒருநாள் போட்டிக்கும் டி20க்கும் அவர்கள் வாங்கியது 1 லட்சம்தான். நல்ல முடிவு, சந்தேகமில்லை. ஆனால் அன்றோடு சம ஊதியம் வந்துவிட்டதாக விளையாட்டு நிர்வாகத்தில் இருக்கும் நம்மவர்களே பேசுவதுதான் இடிக்கிறது.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் ஆண்கள் அணி 15 டெஸ்ட் ஆடியது. பெண்கள் அணிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஜூன் கடைசியில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த அந்த ஆட்டத்தில் ஷஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்தார். இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்து, பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பதினைந்து டெஸ்டிலும் ஆடிய ஆணுக்குப் போட்டி ஊதியம் மட்டும் இரண்டேகால் கோடி ஆகிறது. ஷஃபாலிக்கு 15 லட்சம். ஒரு போட்டிக்கு இவ்வளவு என்ற வகையில் இருவரும் சமம்தான்! 2014 நவம்பருக்கும் 2021 ஜூனுக்கும் இடையில் பெண்கள் அணி ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதே 2024இன் மார்ச்சில் டெஸ்ட் ஊக்கத்தொகை ஒன்றை வாரியம் கொண்டுவந்தது. ஒரு சீசனின் டெஸ்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் ஆடும் பதினொருவரில் இடம்பெறுபவருக்குப் போட்டிக்கு 45 லட்சம் கூடுதல். சீனியர் ஆண்களுக்கு மட்டும். ஐபிஎல் பணம் இளைஞர்களை டெஸ்டிலிருந்து இழுத்துவிடாமல் இருக்க இது தேவை என்பது புரிகிறது. ஆனால் சம ஊதியம் அறிவித்து ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் பழைய இடைவெளி வேறு பெயரில் திரும்பிவிட்டது.

ஆண்டு ஒப்பந்தத் தொகை இன்னும் வெளிப்படை. 2024-25இல் ஆண்களின் கடைசிப் பிரிவுக்கு 1 கோடி. ஹர்மன்பிரீத் கவுரும் ஸ்மிருதி மந்தனாவும் இருந்த பெண்களின் முதல் பிரிவுக்கு 50 லட்சம்.

வருமானம் வேறு, ஆகவே சம்பளமும் வேறு என்பார்கள். ஐபிஎல்லின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. மகளிர் பிரீமியர் லீக்கின் உரிமை 951 கோடி. லீக் அணிகள் தரும் தொகையில் இந்த வாதம் செல்லும். அதோடு நமக்கு வழக்கில்லை. (மகளிர் லீக் தொடங்கியதே 2023இல், ஐபிஎல் பதினைந்து சீசன் முடித்த பிறகு.) தேசிய அணியின் கதை வேறு. எத்தனை டெஸ்ட் ஆடுவது, ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்பதையெல்லாம் வாரியம்தான் முடிவு செய்கிறது. சர்வதேச கிரிக்கெட் நிர்வாகம் மனம்வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பரிசுத்தொகையே சாட்சி. 2025 நவம்பரில் நவி மும்பையில் ஒருநாள் உலகக் கோப்பையை வென்ற நம் பெண்கள் அணிக்கு 44.8 லட்சம் டாலர் பரிசு. 2023இல் ஆஸ்திரேலிய ஆண்கள் அணி பெற்றது 40 லட்சம்.

'ஒரு போட்டிக்கு' என்ற அளவுகோல் ஏமாற்றும் என்பதை அமெரிக்கக் கால்பந்து வீராங்கனைகள் நீதிமன்றத்திலேயே பட்டு உணர்ந்தார்கள். மொத்தத் தொகையைப் போட்டிகளால் வகுத்தால் ஆண்களைவிட அவர்களுக்கே கூடுதல் என்று சொல்லி 2020இல் அவர்களின் ஊதியக் கோரிக்கையை நீதிபதி தள்ளிவிட்டார். அதிகம் வென்றதால் வந்த கூடுதல் அது. 2022இல் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. புதிய ஒப்பந்தத்தில் உலகக் கோப்பைப் பரிசை இரு அணிகளும் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது.

மாநிலச் சங்கங்களில் வரவுசெலவு எழுதும், ஒப்பந்தம் தயாரிக்கும் வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊதியத்துக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கு உறுதியான ஆட்ட நாட்கள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். அந்த நாட்கள் குறைந்தால் ஈடுதொகை தரும் விதியையும் சேருங்கள்.