நடத்தை சரியில்லை என்று அனுப்பப்பட்டவன் திரும்பி வரலாமா?

மாலையில் கடற்கரைச் சாலையில் போர்வீரர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்து பேசுவது வழக்கம். அதில் இரண்டு பேர் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள். நடத்தை சரியில்லை என்று பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டவன் மறுபடி சேர ஆசைப்படலாமா என்று பேச்சு வந்தபோது, அந்த இரண்டு பேரும் ஒரே குரலில் "கூடவே கூடாது" என்றார்கள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே வாதாட மூச்சு போதவில்லை, ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

சார்ல் தெ ஃபூக்கோ என்ற பெயரை பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குப் பாலைவனத் துறவியாகத்தான் சொல்லித் தந்தார்கள். 2022 மே 15-இல் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாளில், அதே மேடையில்தான் நம் நட்டாலம் தேவசகாயம் பிள்ளையும் புனிதரானார். தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபூக்கோ பட்டாளத்தில் அடித்த கூத்தை வாத்தியார்கள் சொல்லவில்லை. பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

1858-இல் ஸ்திராஸ்பூரில் பிறந்தவர். ஆறு வயதுக்குள் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். கர்னலாக இருந்த தாத்தா வளர்த்தார். 1876-இல் சேன்-சீர் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். தாத்தா இறந்ததும் பெருஞ்சொத்து கைக்கு வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா! விருந்து, குடி, சீட்டு. சோமூர் குதிரைப்படைப் பள்ளியில் 87 பேரில் 87-ஆவதாகத் தேறினார். 1880 கடைசியில் அவருடைய ரெஜிமெண்டு அல்ஜீரியாவுக்குப் போனபோது, மிமி என்ற பெண்ணைத் தன் மனைவி என்று சொல்லி அழைத்துப் போனார். விஷயம் வெளிப்பட்டது. அவளைத் திருப்பி அனுப்பு என்று மேலதிகாரி உத்தரவிட, முடியாது என்றார். 1881 மார்ச்சில் ஒழுங்கீனம், ஊரறிந்த தவறான நடத்தை என்று எழுதி வேலையிலிருந்து விலக்கினார்கள். மனுஷன் மிமியோடு ஏவியாங் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார்.

சில வாரங்களில், தெற்கு ஓரானில் பூ அமாமாவின் கிளர்ச்சி மூண்டதாகவும், தன் தோழர்கள் அங்கே சண்டையில் இருப்பதாகவும் செய்தி கிடைத்தது. உடனே என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுப் போட்டார். சாதாரணச் சிப்பாயாகவேனும் வருகிறேன் என்று கேட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பாலைவனப் படையெடுப்பில் அவர் பசி, தாகம் எதற்கும் சுணங்காமல் தன் ஆட்களோடு சேர்ந்து கஷ்டப்பட்டதாகக் கூட இருந்தவர்களே வியந்திருக்கிறார்கள். (அந்தச் சண்டை யாருடைய மண்ணில், யாருக்காக என்பது வேறு கதை. காலனியில் பிறந்த எனக்கு அது தெரியாமல் இல்லை.)

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால், எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த உத்தரவின் வாசகம். அவரைப் 'பதவி நீக்கம்' செய்யவில்லை. வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாரி என்ற அந்தஸ்தை விட்டுவைத்தார்கள். கோப்பு மூடப்படவில்லை, அலமாரியில் இருந்தது. அதனால்தான் இன்னொரு கையெழுத்தில் திரும்ப முடிந்தது. நம் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் வருஷ ஒழுங்கு விதிகளிலும் இந்த நுட்பம் உண்டு. 11-ஆவது விதியில் 'ரிமூவல்' என்று ஒரு தண்டனை, 'டிஸ்மிசல்' என்று இன்னொன்று. வெளியே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது வந்தால் மறுபடி அரசு வேலைக்குப் போகத் தடையில்லை. இரண்டாவது வந்தால் சாதாரணமாகத் தடைதான். ஒரு சொல்லில் ஒருவனுடைய மீதி ஆயுள் அடங்கியிருக்கிறது. இதைத் தட்டச்சு செய்கிற குமாஸ்தாவுக்கு எத்தனை பேர் காபி வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம், பலிக்காது.

இந்தப் பேச்சு எழக் காரணம், மனு எழுதித் தரும்படி எங்கள் தெருவில் ஓர் அம்மாள் தன் மகனை அழைத்து வந்ததுதான். பதினோரு வருஷம் நம் ராணுவத்தில் இருந்தவன். விடுப்பு முடிந்தும் திரும்பாமல் இருந்தது, குடி என்று நாலு தண்டனை; நாலும் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறிவிட்டன. 'வேண்டாதவர்' என்று அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் வேண்டும். "அதெல்லாம் அப்புறம் ஐயா, எனக்கு டூட்டி வேண்டும்" என்றான். பழைய சர்வீஸை மறைத்து வேறு எங்காவது சேரலாமா என்றும் கேட்டான். "தம்பி, அதை நினைக்கவே நினைக்காதே" என்றேன். ஆள் சேர்க்கும் படிவத்தில் வேண்டுமென்றே பொய் எழுதினால் 1950-ஆம் வருஷ ராணுவச் சட்டம் 44-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை.

நேர்வழி ஒன்று உண்டு. நாலு சிவப்புக் குறிப்பு விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவனை அனுப்ப முடியாது. விசாரித்து, அவன் சேவையையும் பார்த்த இடங்களின் கடுமையையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தவருக்குக் கிடைத்தது சீருடை அல்ல; பென்ஷனுக்கு வேண்டிய காலம் வரை சேவையில் இருந்ததாகக் கணக்கு. எங்கள் தெருப் பையனுக்கும் சென்னையில் உள்ள ராணுவத் தீர்ப்பாயத்தில் அதிகம் போனால் அதுதான் கிடைக்கும். சம்பளக் கணக்கு தீரும். அவன் கேட்டது அதையல்ல.

இங்கேதான் என் அபிப்பிராயம். ஆயுதத்தை விற்றவன், தோழனைக் காட்டிக் கொடுத்தவன், கீழே இருப்பவனை அடித்துக் கொன்றவன், பெண்ணிடம் அத்துமீறியவன் — இவர்களுக்குக் கதவு சாத்தியே இருக்கட்டும். குடி, லீவு, திமிர், காதல் என்று இருபது சொச்சம் வயதில் கெட்டவனை அந்த வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வெளியே இருந்து, குடியை விட்டதற்கு மருத்துவர் சான்றோடு வந்தால், பழைய ரேங்க் இல்லாமல், யாரும் போக விரும்பாத பனிமலைக்கு அனுப்பட்டும். பிடிக்காவிட்டால் அவனே ஓடிவிடுவான். ஒரு தடவை மட்டும். இரண்டாம் தடவை கேட்க உரிமை இல்லை. இதற்கு விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சொல்தா நண்பர் விடுவாரா? "உங்கள் ஃபூக்கோ திரும்பி வந்து என்ன கிழித்தார்? ஒரு வருஷத்துக்குள் ராஜினாமா செய்துவிட்டாரே" என்றார். வாஸ்தவம். 1882 தொடக்கத்தில் அவரே வேலையை விட்டார். அடுத்த வருஷம் யூத குரு வேஷத்தில் மொரோக்கோ முழுவதும் அலைந்து, அந்நாட்டின் நிலப்பட வேலைக்காகப் பாரிஸ் புவியியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் வாங்கினார். துறவியானார். 1916 டிசம்பர் 1-இல் தமன்ராசெத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த எட்டு மாதப் படையெடுப்பில் நட்பான லாபெரீன்தான் பிற்பாடு அவரைத் துவாரெக் மக்கள் இருக்கும் பக்கம் வரச் செய்தவர். என் பதில் இதுதான்: துரத்தப்பட்டுப் போவதற்கும், திரும்பி வந்து தன் கையால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதற்கும் வித்தியாசம் இல்லையா? நண்பர் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதே சேன்-சீர் வகுப்பில் ஃபூக்கோவோடு படித்தவர் பேத்தேன். அவருடைய கோப்பில் 1945 வரை ஒரு கறையும் இல்லை. அந்த வருஷம்தான் தேசத் துரோகத்துக்காக மரண தண்டனை விதித்து, ஆயுள் சிறையாகக் குறைத்தார்கள்.

பையனுடைய மனு ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. குடியைப் பற்றி முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். அம்மாள் அதை எடுத்துவிடச் சொல்கிறார். நான் எடுப்பதாக இல்லை.