பெட்டியும் நாலு ஸ்பூன் ஜீனியும்

வேன் பிடித்து வெளியூர் கல்யாணத்துக்குப் போகும் ஆபீஸ் கூட்டத்தில் யாருக்கு என்ன டிபார்ட்மென்ட் என்பது எழுதப்படாத சட்டம். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க ஒருவர். சீட்டுக்கட்டுக்கு ஒருவர். பாட்டுக்கு ஒருவர். எதற்கும் லாயக்கில்லாதவன் தலையில் ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ். எங்கள் கோஷ்டியில் அது அடியேன்.

"நீதான் பத்திரிகைல எழுதறியே, நாலு விஷயம் தெரிஞ்சிருக்கும்" என்றார்கள்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தில் மூன்று டெபிட், ஒன்று கிரெடிட். டாலி ஆகாதே என்கிறீர்களா? அதனால்தான் எழுத வந்துவிட்டேன்.

மெடிக்கல் ஷாப்பில் போய், "கும்பகோணம் போறோம், எல்லாம் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை மகாலட்சுமியாகப் பார்த்தார். பஞ்சு, காஜ், க்ரேப் பேண்டேஜ், தெர்மாமீட்டர், கத்திரிக்கோல், தைலம், ஜுரத்துக்கு, வயிற்றுப்போக்குக்கு, வாந்திக்கு என்று வகைக்கு நாலு மாத்திரை. அப்புறம் பேண்ட்-எய்டு ஒரு பெட்டி. (பேண்ட்-எய்டைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. எர்ல் டிக்ஸன் என்று ஜான்சன் அண்ட் ஜான்சனில் பஞ்சு கொள்முதல் செய்துகொண்டிருந்தவர். மனைவி சமையலறையில் அடிக்கடி விரலை நறுக்கிக்கொள்கிறாளே என்று 1920-ல் பிளாஸ்திரியில் காஜ் துண்டுகளை ஒட்டி வைத்தார். பிற்பாடு கம்பெனி அவரை வைஸ் பிரசிடென்ட் ஆக்கியது. பர்ச்சேஸ் செக்‌ஷன் நண்பர்கள் மனம் தளர வேண்டாம்.)

இது 2019 ஆவணியில். நான் முன்பு குப்பை கொட்டிய ஆபீஸின் சகா ஒருவனுக்குக் கும்பகோணத்தில் காலை முகூர்த்தம். எட்டு மணி வேன் ஒன்பதரைக்கு வந்தது. பன்னிரண்டு பேர் ஏறினோம். முன் சீட்டில் கேஷியர் சார். வயது ஐம்பத்து நாலு. கல்லாவில் ஒன்பது ரூபாய் உதைத்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடுகிற ஆத்மா. காபியைத் தவிர வேறு பானம் அறியாதவர்.

"செங்கல்பட்டு தாண்டி சாப்பிட்டுக்கலாம்" என்று தீர்மானம் நிறைவேறியது. முகூர்த்த நாள். பெருங்களத்தூரில் ஊரே நின்றுகொண்டிருந்தது. செங்கல்பட்டைத் தாண்டியபோது ஹோட்டல்களில் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். முறுக்குப் பாக்கெட் ஒன்று இருந்தது. அது பின் சீட்டைத் தாண்டி முன்னே வரவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் கேஷியர் சார் பேச ஆரம்பித்தார். யாரோ வவுச்சரைத் திருடிவிட்டதாகச் சொன்னார். என்னை மேனேஜர் என்று கூப்பிட்டுத் திட்டினார். நாக்கு குழறியது. ஜன்னலில் குளிர்ந்த காற்று, அவர் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

"பின்னாடி பசங்க ஊத்திக் குடுத்துட்டானுங்கடா!" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு. இன்னொருவன் செல்போனில் படம் பிடித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சார், வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்குங்க" என்றேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

அவர் தலை ஜன்னலில் சாயத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. "டேய், பாக்ஸ்!" என்றார்கள். கம்பீரமாகத் திறந்தேன். தெர்மாமீட்டர் வைத்தேன். ஜுரம் இல்லை. வாந்தி மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து அவர் முகத்தருகே குனிந்தார்.

"குடிக்கலே சார் இவர். வாசனையே இல்லியே. சுகர்காரரா?"

அதே ஆபீஸில் பத்து வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனுக்கும் தெரியவில்லை. சட்டைப் பையில் தேடினோம். ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பேர் போட்ட பக்கத்தைக் கத்தரித்துவிட்டு மீதியைக் கொடுத்திருந்தார்கள்.

"எங்க மாமனாருக்கு இப்படித்தான் வரும். சுகர் இறங்கியிருக்கு" என்றவர், விக்கிரவாண்டி அருகே ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் ஜீனி. முதலில் ஒரு மிடறு கொடுத்து, முழுங்குகிறாரா என்று பார்த்து, அப்புறம் மெல்ல மெல்ல மீதி.

கால் மணி. என் வாழ்க்கையின் நீளமான கால் மணி. கேஷியர் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எந்த ஊருப்பா? ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். இரண்டு பன் தின்ன வைத்து விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சாப்பிடப்போகிறோமே என்று அவர் எட்டு மணிக்கே மாத்திரையைப் போட்டிருக்கிறார். சாப்பாடுதான் வரவில்லை. அந்த வகை மாத்திரையின் வேலை பல மணி நேரம் ஓடும், ஏற்றின சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று டூட்டி டாக்டர் விடியும்வரை படுக்கவைத்துவிட்டார். நான் நோட்டை எடுத்து அவரைக் குடைந்தேன். சொன்னார்: நினைவு இருந்து, விழுங்க முடிந்தால் ஜீனித் தண்ணீரோ குளுக்கோஸோ உடனே கொடுக்கணும், கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். டயட் என்று போட்ட கூல் டிரிங்ஸ் உதவாது. சாக்லேட் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு போன்.

"ஏறியிருக்கா, இறங்கியிருக்கான்னு தெரியலேன்னா?"

"குடுத்துடுங்க. அந்த நேரத்துல இறங்கினதுதான் ஆளைச் சாய்க்கும்."

தாலி கட்டின பிறகு, இரண்டாவது பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். டிரைவரை நடுவில் உட்காரவைத்துச் சாப்பிட்டோம். செல்போன்காரன் படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னான். எனக்கு எதிரில் அழி என்று நின்றேன்.

இப்போது பெட்டி எப்படி என்கிறீர்களா? கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காகிதம் எடுத்துக்கொள்கிறேன். வருகிறவர் பேர், தினசரி மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்காது, வீட்டு நம்பர். கூச்சப்படுகிறவர்களிடம் தனியே கேட்கிறேன். அப்படிக் கேட்டதில் ஆஸ்துமா ஒருவர், வலிப்பு ஒருவர் தெரியவந்தார்கள். தேர்தல் கமிஷன் ரகசியம்போல் காக்கிறேன். அவரவர் மாத்திரையை அவரவரே இரண்டு நாள் உபரியாகக் கொண்டுவர வேண்டும்.

மாத்திரையை முழு அட்டையாக வாங்குகிறேன். பேரும் தேதியும் எந்த மூலையில் இருக்குமோ, கத்திரிக்கோல் அங்கேதான் போகிறது. சரக்கு கையாள ஃபைஃபோ என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள், முதலில் வந்தது முதலில் போகணும். பரீட்சையில் கோட்டை விட்டேன், பெட்டியில் கடைப்பிடிக்கிறேன். வெயிலில் வேகும் டாஷ்போர்டில் பெட்டியை வைப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் உண்டு, பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டம்ளரில் கொட்டுகிறவனைத் திட்டுகிறேன். வாந்தி மாத்திரையைக் கொண்டை ஊசி வளைவில் போட்டுப் பிரயோசனமில்லை, கிளம்புவதற்கு முன்பே போடணும், தூக்கம் வரும், ஆகவே டிரைவருக்கு மட்டும் கிடையாது. சைலன்ஸரில் சுட்டுக்கொண்டவனுக்குப் பெட்டியே வேண்டாம், குழாயடியில் இருபது நிமிஷம் நிற்கவைத்தால் போதும். டூத்பேஸ்டோடு ஓடிவருகிற நண்பர்களைத் தடுப்பதுதான் கஷ்டம்.

ஜீனிதான் சோதனை. முதல் மாதமே எறும்பு வந்து பஞ்சுக்குள் குடித்தனம் வைத்தது. மூடி இறுகின டப்பாவில் மாற்றினேன். அடுத்த டூரில் பின் சீட்டுக்காரர்கள் அதை டீக்குப் போட்டுக் குடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் சாவியைக் கேஷியர் சாரிடம் கொடுத்துவிட்டேன். கிளம்புமுன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணி, காகிதத்தில் டிக் அடித்து, கடைசியில் சிவப்பு மசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வேனில் ஏறுகிறார்.