இரவெல்லாம் வேகும் காலை உணவு

கெய்ரோவின் தெருமுனைகளில் விடிந்ததும் தள்ளுவண்டிகள் வந்துவிடும். வண்டியின் நடுவே குறுகிய கழுத்துள்ள ஓர் உலோகப் பானை சற்றே சாய்ந்திருக்கும். அதன் பெயர் ‘கித்ரா’. உள்ளே இரவு முழுதும் வெந்து குழைந்த ஃபாவா பீன்ஸ். இதுதான் எகிப்தியரின் ‘ஃபூல் மெதம்மஸ்’. ரமலான் மாதத்தில் நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹர் உணவும் பல வீடுகளில் இதுவே.

வீட்டில் செய்பவர்கள் டப்பா பீன்ஸைத் தேடிப் போக வேண்டாம். பக்குவம் நெருப்பில்தான் இருக்கிறது. சிறிய, உருண்டையான காய்ந்த பீன்ஸை இரவு ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, அடி கனமான பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் ஆறேழு மணி நேரம் விட வேண்டும். விரலால் அழுத்தினால் தோலோடு மசிய வேண்டும். உப்பு கடைசியில்தான்.

பிறகு பாதியை மசித்து, நசுக்கிய பூண்டு, சீரகப்பொடி, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் சேர்த்தால் குழம்பு கெட்டியாகித் திரளும்.

ஒரு கவனம்: ‘ஜி6பிடி’ நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த பீன்ஸ் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும், அவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களுக்கு, சுடச்சுட ‘ஐஷ் பலதி’ ரொட்டியும் ஒரு பச்சை வெங்காயமும் பக்கத்தில் இருந்தால் போதும்.