குப்புற விழுவதில் என்ன போட்டி?

அக்கா பையனுக்கு ஐந்து மாதம். இன்னும் குப்புற விழவில்லை. "எதிர்வீட்டுக் குழந்தை நாலு மாசத்துலயே விழுந்துடுச்சே" என்று யாரோ சொல்லிவிட, அக்காவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

இந்த ஒப்பீடு தேவையா நண்பர்களே? உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிக்காமல் தானே உட்கார 3.8 மாதமும் ஆகலாம், 9.2 மாதமும் ஆகலாம். தவிர, இவன் ஒரு மாதம் முன்னதாகவே பிறந்தவன். பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணினால் இப்போது நாலு மாதம்தான்!

அதற்காக எல்லாவற்றையும் "தானா சரியாயிடும்" என்று விடவும் கூடாது. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்கும் அசையவில்லை, செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டது என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எதிர்வீட்டுக் கணக்கை மட்டும் கேட்காதீர்கள்.