தோலுக்கு ஒரு நியாயம், பொட்டிக்கு ஒரு நியாயமா?

மக்கா, நம்ம ஆம்பூர் பக்கம் எந்த டேனரி, ஷூ கம்பெனி ஆபீசுக்குள்ள போனாலும் அலமாரி மேல தூசி படிஞ்சு ஒரு ரவுட்டர் கண் சிமிட்டிக்கிட்டு இருக்கும். வாங்கி எத்தனை வருஷம்னு முதலாளிக்கே தெரியாது. ஆனா ஏற்றுமதி ஆர்டர், பேங்க் கணக்கு எல்லாம் அது வழியாத்தான்.

2024 நவம்பர்ல டி-லிங்க் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. டி.எஸ்.ஆர்-150, 250 ரவுட்டர்கள்ல பஃபர் ஓவர்ஃப்ளோ ஓட்டை. பாஸ்வேர்டே இல்லாம எங்கிருந்தோ ஒருத்தன் உள்ள பூந்துடலாம். சுண்ணாம்புத் தொட்டியில அளவு பாக்காம ஊத்தினா வழிஞ்சு பக்கத்துத் தொட்டியும் கெடும் இல்லையா, அதே கதை. அளவு பாக்காம வாங்கின டேட்டா பக்கத்து மெமரியில வழியுது. வழியிறதுக்குள்ள திருடன் தன் கட்டளையை ஒளிச்சு அனுப்புறான்.

சரி, ரிப்பேர்? கிடையாதாம்! மே மாசமே ஆயுசு முடிஞ்சுதாம், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமாம்.

"பழசை வெச்சிருந்தது உன் தப்பு"ன்னு வர்ற அண்ணாத்தைகளே, ஓட்டை மே மாசத்துக்கு அப்புறம் முளைக்கலை. ஆயுசோட இருந்தப்பவே உள்ள இருந்தது.

1996ல சுப்ரீம் கோர்ட் நம்ம வேலூர் டேனரிகளைப் பாத்து என்ன சொல்லிச்சு? மாசு பண்ணினவன்தான் காசு குடுக்கணும்னு. பாலாறு கெட்டதைப் பாத்தவங்க யாரும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டோம். அந்த நியாயம் பொட்டி விக்கிறவனுக்கு ஏன் இல்லை? எத்தனை வருஷம் ஓட்டை அடைப்பேன்னு எம்.ஆர்.பி. மாதிரி அட்டைப்பெட்டி மேலயே அச்சடிக்கட்டும். பிரிட்டன்ல வீட்டுச் சாமானுக்கு அந்தக் கெடுவை வெளியிடணும்னு 2024 ஏப்ரல்லேர்ந்து சட்டமே இருக்கு.

டிஸ்கி: நாளைக்கே அலமாரி மேல ஏறி மாடல் நம்பரைப் பாருங்க. தூசிக்கு மூக்கைப் பொத்திக்குங்க :-)