பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கத் தெரியாதா?

மக்களே, போன வாரம் வகுப்பில் சம்பளப் பட்டியல் பாடம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, அதில் பி.எஃப். தொழிலாளி பங்கு 12%, முதலாளி பங்கு 12%. முதலாளி பங்கிலிருந்து 8.33% பென்ஷன் நிதிக்குப் போகும் என்று ஒரு வரி. டோட்டல் போட்டோம், முடிந்தது. அந்த 8.33% யாருக்கு, எப்போது, எந்தப் படிவத்தில் திரும்பி வரும் என்று கேட்டேன். "அது சிலபஸ்ல இல்லப்பா" என்று பதில் வந்தது. வருமான வரிப் பாடத்திலும் இதே கதைதான். 9.5% வட்டி வரை வரி கிடையாது என்று நெட்டுரு போடுகிறோம். வாங்குகிறவன் பக்கமிருந்து ஒரு கேள்வி கூடக் கிடையாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டினார். 2012-ல் வேலையில் இருக்கும்போதே பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. லீவு தீர்ந்ததும் கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா" என்று ஒரு கடிதத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார். கூடவே இரண்டு பி.எஃப் படிவங்கள். ஆறு வருட சர்வீஸுக்குப் பென்ஷன் கணக்கிலிருந்து 39,000 சொச்சம் வந்தது. நல்ல மனுஷங்க, சீக்கிரம் முடிச்சுக் கொடுத்தாங்க என்று சித்தி இன்றைக்கும் சொல்வார்!

போன மாதம்தான் ஒரு அசைன்மென்டுக்காக 1995-ஆம் வருடத்துத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தை முழுசாகப் படித்தேன். பத்து வருடம் சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே திட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக ஊனம் ஏற்பட்டால் பத்து வருடக் கணக்கே கிடையாது. ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தால் போதும். அதுவரை செய்யமுடிந்த எந்த வேலையையும் இனிச் செய்யமுடியாது என்று மருத்துவக் குழு சொல்லவேண்டும். பிறகு ஆயுள் முழுக்கப் பென்ஷன். அவருக்குப் பின் மனைவிக்கும் உண்டு. இதற்கான படிவம் 10டி. சித்தப்பாவிடம் ரேகை வாங்கியது 10சி-யில்.

கணக்குப் போடுவோம், காமர்ஸ்காரன் அல்லவா. பென்ஷனுக்குரிய சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அப்போதைய உச்சவரம்பு 6,500. ஆறு வருடத்துக்கு 557 ரூபாய் வருகிறது. சிரிக்காதீர்கள். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷனை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். (ஆயிரம் ரூபாயில் ஒரு மனுஷன் எப்படி மாதத்தை ஓட்டுவான் என்று தனியாகத் திட்டவேண்டும், அது இன்னொரு நாள்.) அந்த செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை பத்து வருடத்துக்கு மட்டுமே 1,20,000 ஆகிறது. சித்தப்பா இன்னும் இருக்கிறார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும், அது அவங்க தப்பு" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னான். சரிதான் ராசா, வாய் கோணி, பேச்சு குழறிக் கட்டிலில் கிடக்கிறவர் ஆங்கிலப் படிவத்தைப் படித்து, திட்டத்தில் எத்தனையாவது பத்தி என்று கண்டுபிடித்திருக்க வேண்டும், இல்லையா? வந்த ஆளுக்குத் தெரியாதா? மாதாமாதம் பைசா சுத்தமாகப் பிடித்தம் செய்யத் தெரிந்ததே. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டத் தவறியிருந்தால் அந்தக் கம்பெனி 12% வட்டியும் அபராதமும் கட்டியிருக்கும். அதனால் அதை மட்டும் ஒழுங்காகத் தெரிந்து வைத்திருந்தார்கள். தொழிலாளிக்கு அவன் உரிமையைச் சொல்லாமல் விட்டதற்காக ஒரு கம்பெனி அபராதம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்னும் இரண்டு வருடத்தில் அந்தப் படிவத்தோடு வீட்டுக்குப் போகிற ஆள் நம்மில் ஒருவராக இருக்கலாம்.

10சி-யிலேயே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பணமாக எடுப்பது. இன்னொன்று திட்டச் சான்றிதழ். சான்றிதழ் வாங்கினால் பழைய சர்வீஸ் அடுத்த வேலையோடு சேரும், பத்து வருடம் தேறும். 58 வயதுக்குள் இறந்துவிட்டால் குடும்பத்துக்குப் பென்ஷனும் உண்டு. பணமாக எடுப்பது எப்போதுமே முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். முப்பது வயதில் எடுத்து வங்கியில் போட்டு 58 வரை தொடாமல் இருக்கிறவர் நஷ்டப்படாமலும் போகலாம். தொடாமல் இருந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? சித்தப்பாவின் 39,000 நாலு மாத மருந்துச் செலவுக்குப் போனது.

விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ஏஞ்சாமி, அந்தப் பணத்தத் திருப்பிக் கட்டீட்டா பென்சன் குடுப்பாங்களா?" பணமாக எடுத்ததோடு அந்த சர்வீஸ் தீர்ந்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வது?

உங்கள் வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் வேலையை விடப்போகிறார்கள் என்றால் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் 10டி பற்றிக் கேளுங்கள். வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 10சி நீட்டினால் எந்த வழியில் டிக் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.