போட்டி எட்டாத மலை

"தேயிலையில் போட்டிக்குக் குறைவில்லை. விலையை ஏலம் முடிவு செய்கிறது, விலைக்கேற்ற கூலி கிடைக்கிறது. இதில் யாரும் யாரையும் நசுக்கவில்லை." மூணாறு, பள்ளிவாசல் பக்கம் கூலிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாதமும் கூடவே எழுகிறது. தனி ஒருவரால் விலையை வளைக்க முடியாத, பாடப்புத்தகம் சொல்லும் நிறைவுப் போட்டி இந்த மலையில் நடப்பதாக நம்புகிறவர்களின் வாதம் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கடையில் எத்தனை தேயிலை இருக்கிறது!"

பெயர்கள் பல, உடைமையாளர் சிலர். ரெட் லேபிள், த்ரீ ரோசஸ், தாஜ்மகால் மூன்றும் இந்துஸ்தான் யூனிலீவருடையவை. கண்ணன் தேவன், சக்ரா கோல்டு இரண்டும் டாடாவுடையவை. சிறு நிறுவனங்களும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் சந்தையின் போக்கை வகுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. இதைப் பொருளியல் சில்லோர் முற்றுரிமை என்கிறது.

"ஏலத்தில் எல்லாரும் சமம்."

கொச்சியில் 1947 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே போவது தூள், கொழுந்து போவதில்லை. கிள்ளிய கொழுந்து தாமதித்தால் கெட்டுவிடும், அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். இடுக்கியின் சிறு விவசாயி எட்டும் தூரத்தில் உள்ள ஆலை சொல்லும் விலையைத்தான் வாங்க முடியும். விற்பவர் பலர், வாங்குபவர் ஓரிருவர் என்றால் பேரம் யார் பக்கம் சாயும்? 2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையில் கொழுந்து விலைக்கென விதி சேர்க்க வேண்டி வந்ததே, சந்தை தானாகச் சமன் செய்யவில்லை என்பதற்குச் சான்று.

"கூலி போதாதென்றால் வேறு வேலைக்குப் போகலாமே."

இந்த வாதத்தின் உயிர்நாடி இதுதான். மிகப் பலவீனமான இடமும் இதுதான். மூணாறைச் சுற்றிப் பெரும்பகுதித் தோட்டங்கள் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன. மற்றத் தோட்டங்களுக்குப் போனாலும், அரசும் முதலாளிகளும் சங்கங்களும் கூடிப் பேசி முடிக்கும் அதே கூலிதான். வேலையை விட்டால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும். தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்குக் கீழே ஊரில் காணி நிலம்கூட இல்லை. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, கூலி நின்ற பிறகும் பல குடும்பங்கள் லயத்திலேயே கிடந்தன. இறங்கிப்போக இடமில்லை. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்ற இந்நிலையைத்தான் ஜோன் ராபின்சன் 1933-இல் வாங்குவோர் முற்றுரிமை என்று விளக்கினார்.

2005 முதல், மூணாறில் பெரும்பகுதித் தோட்டங்களை வைத்திருக்கும் அந்த நிறுவனத்தில் தொழிலாளரும் பங்குதாரர்களே என்று சொல்வார்கள். உண்மை, அது நல்ல முயற்சியும்கூட. ஆனாலும் 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தபோது, பங்குதாரர்களான பெண்களே சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். பங்குப் பத்திரம் பேரம் பேசும் பலத்தைத் தந்திருந்தால் அவர்கள் கண்ட பெம்பிளை ஒருமை என்ற பெண்கள் கூட்டமைப்புக்குத் தேவையே வந்திருக்காது.

"கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும்."

நிறைவுப் போட்டியில் அது நடக்கலாம். வாங்குபவர் ஒருவரே என்னும் இடத்தில் கூலி, உழைப்பு ஈட்டித் தரும் மதிப்பைவிடக் கீழே அழுத்தப்பட்டிருக்கும். அந்த இடைவெளி வரை உயர்த்தினால் வேலை குறையாது. 2015 போராட்டத்துக்குப் பின் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது. மூணாறுத் தோட்டங்கள் இன்றும் கொழுந்தெடுக்கின்றன. தேயிலை விலை வீழும்போது நிறுவனங்கள் திணறுவதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுமையை முதலில் கூடை சுமப்பவள் தலையில் இறக்குவதைத்தான் மறுக்கிறேன்.

விற்பவர் ஒருவரே என்றால் நாம் என்ன செய்கிறோம் என்பதற்கு இதே மலையில் எடுத்துக்காட்டு உண்டு. பள்ளிவாசலில் 1940 முதல் நீர்மின் நிலையம் ஓடுகிறது. மின்சாரத்தை வீட்டுக்கு விற்பவர் ஒருவர்தான் என்பதால், கட்டணத்தை அவர் விருப்பத்துக்கு விடாமல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுத்திருக்கிறோம். அதை யாரும் சந்தைக்கு எதிரானது என்று சொல்வதில்லை. அதே மலையில் உழைப்பை வாங்குபவர் ஒருவராக இருக்கும்போது மட்டும் சந்தையின் தீர்ப்பு என்று கைகட்டி நிற்பது நியாயமில்லை. மெய்யான போட்டி வேண்டுமென்றால் வேலையிலிருந்து வீட்டைப் பிரித்து, தொழிலாளிக்குச் சொந்த மனை கொடுங்கள். கூரை போகாது என்ற உறுதி இருந்தால்தான் "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று அவளால் சொல்ல முடியும். போட்டி அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.